இடது கைப் பக்கம் கடல்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆறு என்றால் அதன் கடைசி மைல் மட்டும்தான். குடகில் காவிரியாகப் பிறந்து, அணைகளில் முட்டி, மதகுகளில் பிரிந்து, வழியில் உள்ள அத்தனை பேரும் சண்டை போட்டு எடுத்துக்கொண்டது போக மிச்சம் இருப்பது அரசலாறு என்ற பெயரில் காரைக்காலுக்கு வந்து சேர்கிறது. வந்த கையோடு கடலில் விழுந்துவிடுகிறது. ஆகவே ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் இடது கைப் பக்கம் கடல் இருக்கும் என்பது எங்களுக்குப் பாடத்தில் படித்த விஷயமல்ல. சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது போல ஒன்று. இந்த நம்பிக்கையை என் நண்பன் பாரிஸ் வரை கொண்டுபோனான். அதற்கு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். சென்ற ஆண்டு சித்திரையில் நாங்கள் இருவரும், இரண்டு பேருக்கும் சேர்த்து நூறு வயது தாண்டியவர்கள், அந்த நகரத்தில் ஒரு பெஞ்சைத் தேடி அலைந்தது இதனால்தான்.

நண்பன் என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவன். அவனுடைய வாப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அந்த வகையில் நண்பனுக்குப் பிறக்கும்போதே பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு முப்பது வயது வரை ஜவுளிக்கடை நடத்தினான். கடை படுத்ததும் பீரோவைத் திறந்தான். பாரிஸ் போய் ஓர் உணவகத்தின் சமையல்கட்டில் சேர்ந்து இருபத்தோரு வருடம் ஆகிறது. மனைவி கூடப் போகவில்லை. மாமியார் படுக்கையில் கிடந்தார். மருமகள் கையைத் தவிர வேறு கையால் கஞ்சி குடிப்பதில்லை என்ற ஒரே கொள்கையோடு பத்தொன்பது வருடம் உயிரோடு இருந்தார்.

நண்பன் போன முதல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவில் கிடைக்கிற அரைமணி நேரத்தில் வீட்டுக்குப் போன் செய்தான்.

“ஞாயித்துக்கெழமையாவது லீவு உண்டாங்க?” என்று மனைவி கேட்டார்.

ஓட்டல்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தலை போகிற வேலை. அதைச் சொன்னால் அந்தப் பக்கம் அழுகை வரும், அழுகைக்குப் போன் கார்டு கரையும். “லீவுதான். ஆத்தங்கரையில ஒரு பெஞ்சுல காத்து வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்” என்றான்.

“கடலு தெரியுதா?”

காரைக்காலில் பிறந்த பெண்ணுக்கு அது நியாயமான கேள்வி. காரைக்காலில் பிறந்த ஆணும் யோசிக்கவில்லை. “தெரியுதே. எடது கைப் பக்கம்.”

அப்போது அவன் பாரிஸுக்கு வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. விமான நிலையம், ரயில், சமையல்கட்டு மூன்றைத்தான் பார்த்திருந்தான். அந்த ஊரில் கடல் கிடையாது என்று கூட வேலை செய்தவன் சொல்லித் தெரியவந்தபோது ஆறு மாதம் போய்விட்டது. ஆறு மாதத்துக் கடலை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எப்படி வற்ற வைப்பது? அவனும் வற்ற வைக்கவில்லை. படத்தோடு பேசுகிற போன் வந்த பிறகும், பெஞ்சுப் பக்கம் சிக்னல் போதாது என்று குரலோடு நிறுத்திக்கொண்டான்.

இதில் என் பங்கு என்னவென்றால், நான் உள்ளூரில் பாரிஸ் நிபுணன். பாரிஸில் நடக்கிற நாவல்களாகத் தேடிப் படித்து, அந்த நகரத்தைப் பற்றி வாரப் பத்திரிகையில் எழுதி, மேடை கிடைத்தால் பேசியும் இருக்கிறேன். அதுவரை நான் போன அதிகபட்ச வெளிநாடு, சென்னை விமான நிலையத்தில் வழியனுப்புகிறவர்கள் நிற்கிற கம்பி. ஒருநாள் சாயங்காலம் பேக்கரி வாசலில் நண்பனின் மனைவி என்னை நிறுத்தினார்.

“அண்ணே, நீங்க படிச்சவங்க. பாரிஸுல ஆறு கடல்ல சேருற எடம் ரொம்ப அழகா இருக்குமாமே?”

படித்தவன் என்று ஒருவர் சொல்லிவிட்ட பிறகு தெரியாது என்று சொல்ல நாக்கு வருமா? தவிர, நான் படித்த நாவல்களில் எந்த ஆசிரியரும் ‘இங்கே கடல் இல்லை’ என்று எழுதியிருக்கவில்லை. “பிரமாதமான இடம் தங்கச்சி. கடற்காகம்லாம் கூட்டம் கூட்டமா வரும்” என்றேன். கடற்காகம் என்னுடைய சொந்தச் சரக்கு.

மாமியார் காலமானார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, இரண்டு வருட அலைச்சலுக்குப் பிறகு மனைவிக்கு விசாவும் வந்தது. அதே சமயத்தில் பாரிஸில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் சித்திரை விழாவில் நகைச்சுவையாகப் பேச என்னை அழைத்தார்கள். நண்பன் அறையில் தங்குவதாக ஏற்பாடு. அவன் விமான நிலையத்துக்கு வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டு, பயணம் எப்படி என்றுகூடக் கேட்காமல் சொன்னான்:

“மாப்ள, வெள்ளிக்கெழம அவ வர்றாடா. வந்ததும் அந்த பெஞ்சப் பாக்கணுமாம்.”

“எந்த பெஞ்சு?”

“கடலு தெரியுற பெஞ்சு.”

எனக்கு உடனே சிரிப்பு வந்தது. சிரிப்பவனிடம் கதை சொல்கிற ஆள் அல்ல அவன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் போய் ரயில் ஏறினான்.

“உண்மையச் சொல்லிடேன்டா. கோவிச்சுக்கிட்டா ரெண்டு நாள் கோவிப்பாங்க” என்றேன்.

“சொல்லலாம். கடலு பொய்யின்னா பொறவு என்னெல்லாம் பொய்யின்னு ஒக்காந்து எண்ண மாட்டாளா? ஒடம்பு நல்லாருக்குன்னது, நேரத்துக்குச் சாப்புடுறேன்னது, இங்க எனக்கு வேற யாரும் இல்லன்னது, அம்புட்டையும் அந்த பெஞ்சுல உக்காந்துதான்டா சொல்லியிருக்கேன்.”

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. ஊருக்கு வந்துபோன நாட்கள் போக, நண்பன் இருபத்தோரு வருடத்தில் முதல்முறையாகச் சேர்ந்தாற்போல் லீவு போட்டிருந்தான். அவனுக்கு அந்த நகரத்தில் கறிகாய்ச் சந்தையும் ரயில் நேரமும் தவிர வேறு தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும், எங்கே இருக்கிறது என்பதைத் தவிர. இப்படி இரண்டு பேர் ஊர் சுற்றக் கிளம்பினோம்.

ரசீதுத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில், பெஞ்சைப் பற்றி இத்தனை வருடமாகச் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருந்தான். பக்கத்தில் மரம். மரத்தடியில் எப்போதும் நிழல். இரும்புக் கோபுரம் கிட்டத்தில். ராத்திரியில் கலங்கரை விளக்கம் சுற்றும். படகுகள் வரும். ஒருமுறை படகுக்காரனிடம் மீன்கூட வாங்கியிருக்கிறான்.

“என்ன மீன்னு கேட்டாங்களா?”

“கேக்காம விடுவாளா? கொடுவான்னுட்டேன். முகத்துவாரத்துல அதானே கெடைக்கும்.”

கோபுரத்தை நெருங்கியபோது நண்பன் நின்றுவிட்டான். தினமும் ரயில் ஜன்னலில் அதன் நுனியைத்தான் பார்த்திருக்கிறானாம். “இம்மாம் பெரிசா இருக்கும்னு நெனக்கலடா” என்றான், ஏமாற்றிவிட்டார்கள் என்பது போல. நான் அதன் உயரம், எடை, கட்டிய காலத்தில் ஊரார் திட்டிய திட்டு எல்லாவற்றையும் விளக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம், தமிழர்கள்தான், கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, நகர்ந்துபோய், கைப்பேசியில் சரிபார்ப்பதைப் பார்த்தேன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

ஆற்றுக்கு எந்தப் பக்கம் பெஞ்சு அதிகம் என்று யாரையாவது கேட்கலாம் என்று தோன்றியது. எங்கள் ஊர்ப் போலீஸ்காரர்கள் தலையில் சிவப்புத் தொப்பி இருக்கும். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொத்து. கொடுத்தவன் ஊரில் இல்லாமலா போகும் என்று நான் சிவப்புத் தொப்பியாகத் தேடினேன். ஒரு பெரிய கட்டடத்து வாசலில் ஒருவர் விறைப்பாக நின்றார். சிவப்புத் தொப்பி, பித்தளைப் பொத்தான், எங்கள் ஊர் ஏட்டையாவை விட நல்ல தொந்தி. பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில் வணக்கம் சொல்லி விவரம் கேட்டேன். அவர் அதைவிட மரியாதையாகக் குனிந்து, என் தோளில் தொங்கிய துணிப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார். காவல் நிலையம் இவ்வளவு பளிங்காக இருக்கிறதே என்று வியந்தபடி பின்னால் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் எத்தனை இரவு தங்கப் போகிறோம் என்று கேட்டபோதுதான் அது ஓட்டல் என்று விளங்கியது.

வெளியே வந்ததும் நண்பன் சொன்னான்: “இங்க போலீசுக்குச் செவப்புத் தொப்பி கெடையாதுடா.”

“இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“நீதானே நிபுணன்.”

மறுநாள் மழை. ஆற்றங்கரை வேலை நடக்காது என்று பெரிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். உலகமே பார்க்க வருகிற அந்தப் புன்னகைக்கார அம்மாளின் படத்துக்கு முன்னால் நாகூர் கந்தூரிக் கூட்டம். எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவரின் முதுகு. நண்பனுக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் சமையல்கட்டு பிரெஞ்சு: வெங்காயம், சீக்கிரம், கரிந்துவிட்டது. கொதிக்கிற குண்டானைத் தூக்கிக்கொண்டு வரும்போது ‘பின்னால் சூடு!’ என்று கத்துவார்களாம். அவன் வெறுங்கையை முன்னால் நீட்டிக்கொண்டு அதை ஒரு கத்துக் கத்தினான். கூட்டம் இரண்டாகப் பிளந்தது. நான் அந்த அம்மாளை ஐந்தடி தூரத்தில் பார்த்தேன். நண்பன் படத்தைப் பார்க்கவில்லை. கூடத்தின் நடுவில் இருந்த மர பெஞ்சில் உட்கார்ந்து அழுத்திப் பார்த்துவிட்டு, “இது மாதிரி முதுகு சாய எடமிருக்கணும். முதுகு வலி எப்புடின்னு அவ கேட்டதுக்கு, சாஞ்சுதான் இருக்கேன்னு சொல்லியிருக்கேன்” என்றான்.

செவ்வாய்க்கிழமை வெயில் வந்தது. காலை முதல் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து எழுந்தோம். மரம் இருந்தால் சாய்மானம் இல்லை. சாய்மானம் இருந்தால் ஒரு ஜோடி இருந்தது. அவர்கள் எங்களைப் போல உட்கார்ந்து எழுகிறவர்களாகத் தெரியவில்லை. கடற்காகம் மட்டும் நிஜமாகவே பறந்தது. என்ன வேலையாக வந்ததோ, ஆற்றின் மேல் நாலைந்து. “மாப்ள, நீ சொன்னது இருக்குடா!” என்று நண்பன் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். என் வாழ்நாளில் நான் இட்டுக்கட்டியதில் பலித்தது அது ஒன்றுதான்.

பெரிய சிக்கல் வேறு. கோபுரத்துக்கு எதிர்க்கரையில் உட்கார்ந்தால் கோபுரம் அழகாகத் தெரிகிறது. ஆனால் ஆறு வலது பக்கமாக ஓடுகிறது. கடல் இல்லாவிட்டாலும், இருந்திருக்க வேண்டிய பக்கம் என்று ஒன்று உண்டல்லவா? அது வலதாகிவிடும். அவனோ இருபத்தோரு வருடமும் இடது என்று சொல்லியிருக்கிறான். பாலம் ஏறி இந்தக் கரைக்கு வந்தால் ஆறு ஒழுங்காக இடப்பக்கம் ஓடுகிறது; கோபுரம் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது.

“முதுகுக்குப் பின்னாடியே இருக்கட்டும். வருசக்கணக்கா பாத்து அலுத்தவன் அப்படித்தான் உக்காருவான்” என்றேன். இலக்கிய அறிவு முதல்முறையாக ஒருவருக்குப் பயன்பட்டது.

கலங்கரை விளக்கத்தை அவனே சமாளித்துவிட்டான். கோபுரத்து உச்சியில் ராத்திரி ஒரு விளக்கு சுற்றுகிறது. மீதி இருந்தது கடல். நண்பன் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: “கடலு உள்வாங்கிடுச்சுன்னு சொல்லலாமாடா?”

“அந்த வார்த்தைய மட்டும் நம்ம ஊருப் பொம்பளைக்கிட்ட சொல்லாத.”

அவனும் தலையாட்டினான். கடல் உள்வாங்கினால் அடுத்து என்ன வரும் என்று, சுனாமி பார்த்த காரைக்கால்மேட்டிலும் கருக்களாச்சேரியிலும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 

கடைசியில் நான்தான் கண்டுபிடித்தேன். தூரத்தில், பாலத்துக்கும் அப்பால், ஆறு ஒரு வளைவு வளைந்து கண்ணுக்கு மறைந்தது. “கடலு அந்த வளைவுக்கு அந்தாண்ட இருக்கு. முன்னாடி மரமெல்லாம் சின்னதா இருந்துச்சு, தெரிஞ்சுது. இப்ப வளந்து மறச்சிடுச்சு. இதுதான் கதை.” ஆதாரம் இல்லாததை வளைவுக்கு அப்பால் வைப்பது நான் முப்பது வருடமாக எழுத்தில் செய்துவருகிற வேலைதான். அந்த வளைவு தெரிகிற பெஞ்சு ஒன்றில் மரமும் இருந்தது, சாய்மானமும் இருந்தது. நண்பன் உட்கார்ந்தான். சாய்ந்தான். கண்ணை மூடிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி, “ஒடம்பு நல்லாருக்கு. சாப்புட்டேன். காத்து நல்லா வருது” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மனைவி வந்தார். ஒரு நாள் தூங்கினார். சனிக்கிழமை என் நகைச்சுவைப் பேச்சு. அதில் முன் வரிசையில் உட்கார்ந்து ஒருமுறைகூடச் சிரிக்காதவன் நண்பன்தான், அவன் வாய்க்குள் பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சரியாக மூன்று மணிக்குத்தான் பெஞ்சுக்குப் போகவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த நேரம்தானே வாராவாரம் போன் வந்த கணக்கு.

மூவரும் போனோம். பெஞ்சு காலியாக இருந்தது. அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடுவில் உட்கார்ந்தார். கோபுரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்து, “இதானா” என்று சொல்லி அதை முடித்துவிட்டார். மரத்தைப் பார்த்தார். இடது கைப் பக்கம் பார்த்தார். நான் தொண்டையைச் செருமி வளைவுக்குத் தயாரானேன். அவர் காற்று வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். மூச்சை இழுத்தார். நாக்கு நுனியால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“என்னங்க, காத்துல உப்பே இல்லையே?”

மூன்று நாள் வேலையில் நாங்கள் கண்ணுக்குத்தான் ஏற்பாடு செய்திருந்தோம்.

“அந்த வளைவுக்கு அந்தாண்ட தங்கச்சி” என்று நான் முந்திக்கொண்டேன். “இந்த நாட்டுக் கடல்ல உப்பு கொஞ்சம் கம்மி. குளிர் பாருங்க.”

ஐஸில் வைத்த மீனைப் புதுசு என்று விற்கிறவனை, செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்களே, அப்படி என்னைப் பார்த்தார்.

“கடலு இல்ல” என்றான் நண்பன். பாடத்தில் இல்லாத வரி. “எப்பவுமே இல்ல. இங்கேருந்து ரயில்ல ரெண்டு மணி நேரம் போவணும். நான் போனதில்ல. இந்த பெஞ்சையே இந்தச் செவ்வாக்கெழமதான் பாத்தேன்.”

ஆற்றில் ஒரு சுற்றுலாப் படகு போயிற்று. அதிலிருந்தவர்கள் எங்களைப் பார்த்துக் கையாட்டினார்கள். யாராவது ஒருவர் பதிலுக்குச் செய்ய வேண்டுமே என்று நான் கையாட்டினேன்.

படகு போன பிறகு அவர் கேட்டார்: “அப்ப எங்கேருந்து பேசுனீங்க?”

“சமையக்கட்டுக்குப் பின்னாடி. குப்பத்தொட்டி வக்கிற சந்து.”

“இருவத்தோரு வருசமுமா?”

“நடுவுல தொட்டிய மாத்துனாங்க.”

“மழ பேஞ்சா?”

“மேல தகரம் இருக்கு.”

“உக்கார?”

“உருளக்கெழங்குப் பெட்டி.”

“முதுகு சாய?”

நண்பன் பெஞ்சின் சாய்மானத்தைத் தடவினான். அவர் எழுந்தார். “வாங்க, அங்க போவோம்.” நான் இந்த இடத்தில் கழன்றுகொள்வதுதான் நாகரிகம் என்று, எதிர்த்திசையில் ஏதோ தேவாலயம் இருப்பதைப் பற்றி முணுமுணுத்தேன். “நீங்களும் வாங்கண்ணே. பேக்கரி வாசல்ல நின்னு என்கிட்ட கடற்காகம் பறக்க விட்டவங்க நீங்கதானே” என்றார். பின்னால் போனேன்.

ரயில் ஏறினோம். நண்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் இடமிருந்தும் உட்காரவில்லை.

சந்து, ஆட்டோ ஒன்று நுழைகிற அகலம். சுவர் ஓரமாக மூடி போட்ட தொட்டிகள், அவற்றில் ஒன்று பாட்டில்களுக்கு. மேலே தகரம். எண்ணெயும் வெங்காயமும் கலந்த வாசனை. அந்தப் பெட்டி அங்கேயே கவிழ்ந்து கிடந்தது. அவர் அதைக் கையால் தட்டித் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். சரியாக உட்கார வரவில்லை. கொஞ்சம் நகர்ந்து, முதுகைச் சுவரில் வைத்துப் பார்த்தார். எதிர்ச்சுவரை அவர் பார்த்த நேரம், நாங்கள் கோபுரத்தைப் பார்த்ததைவிட அதிகம். நண்பன் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்கிறவன் மாதிரி நின்றான். பொய்களை எண்ணத் தொடங்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. உடம்பு, சாப்பாடு, மற்றது.

“முதுகு வலிக்கு யார்ட்ட காட்டுனீங்க?” என்று கேட்டார்.

“யார்ட்டயும் காட்டல.”

“இத மட்டுமாவது நெசமாச் சொன்னீங்களே.”

அப்போது அவருடைய கைப்பேசி அடித்தது. காரைக்காலிலிருந்து அவருடைய லாத்தா. அக்கா கொஞ்சம் காது மந்தம், அதனால் ஊருக்கே கேட்கிற குரல்.

“ஏண்டி, அந்த பெஞ்சுக்குப் போயிட்டியா?”

அவர் கணவனை நிமிர்ந்து பார்த்தார். கணவன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவுக்குத் தெரிந்தால் இரவுக்குள் பக்கத்து ஊர் நெரவி வரை தெரிந்துவிடும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

“வந்துட்டேன் லாத்தா. உக்காந்துதான் பேசுறேன்.”

“கடலு தெரியுதா?”

“தெரியாம என்ன. நல்ல பெரிய கடலாத்தான் இருக்கு.”

சமையல்கட்டுக் கதவு திறந்தது. ஏப்ரன் கட்டிய ஓர் ஆள், நண்பனைப் பார்த்து ஆச்சரியமாகத் தலையசைத்துவிட்டு, ஒரு பெட்டி நிறைய காலி பாட்டில்களைத் தொட்டிக்குள் கவிழ்த்தான். சந்தே அதிர்ந்தது.

“என்னடி அது சத்தம்?”

“அலதான் லாத்தா” என்றார் அவர். பிறகு கைப்பேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நண்பனிடம் சொன்னார்: “அந்த ஆள மெதுவாக் கொட்டச் சொல்லுங்க.”